சொல்லாமல் மாறிய வாசற்படி

கேள்வி: 2025 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு போன்களில் அழைப்புத் திரை மாறியதும் என்ன கூச்சல்! செயலி வடிவமைக்கும் எங்களுக்கு, ‘நாலு நாளில் பழகிவிடும்’ என்றே தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, இன்போபார்க், காக்கநாடு

பதில்: உங்களுக்கு நாலு நாள், உங்கள் பாட்டிக்கு? வீட்டுக்காரரைக் கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாக வாசற்படியை இடம் மாற்றினால், காலையில் அவர் சுவரில்தான் முட்டிக்கொள்வார். கூகுளின் போன் செயலியில் நடந்தது அதுதான். மேலே தள்ளி எடுத்த அழைப்பைப் பக்கவாட்டில் தள்ள வேண்டியதாயிற்று. பழகிய கட்டைவிரல் மேலேயே தள்ளும். மணி அடித்து ஓயும். பலர் போனை யாரோ ஹேக் செய்துவிட்டதாகவே பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். வங்கி மோசடிக்காரர்கள் திரியும் நாட்டில், திரை தானாக மாறினால் சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம்.

கூச்சலுக்குப் பலனும் உண்டு. ஆப்பிளின் ஐஓஎஸ் 26 கண்ணாடித் தோற்றத்தில் எழுத்து தெரியவில்லை என்று முறையிட்டார்கள். நவம்பரில் வந்த 26.1 பதிப்பில், கண்ணாடியை மங்கலாக்கிக்கொள்ளும் வசதி வந்தது. முதலிலேயே கொடுத்திருக்கலாம்!

பாட்டிக்கு உடனடி உதவி: போன் செயலியின் செட்டிங்ஸில், தள்ளுவதற்குப் பதில் ஒரே தொடலில் அழைப்பை எடுக்கும் வழி இருக்கிறது. பழைய முகமே வேண்டுமென்றால், அந்தச் செயலியின் அப்டேட்டுகளை நீக்கிவிட்டு, பிளே ஸ்டோரில் அதற்கான தானியங்கி அப்டேட்டையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் வடிவமைக்கும் அடுத்த செயலியில், ‘பழையபடியே இருக்கட்டும்’ என்றொரு பொத்தான் வையுங்கள்.