ஒரு கிலோ கேக்கும் நாற்பது விருந்தினரும்: பங்கீட்டியல் குறித்த ஓர் ஆய்வு

பிறந்தநாள் கேக்கைப் பங்கிடுதல் என்பது, வருவோர் எத்தனை பேர் என்று தெரிவதற்கு முன்பே கேக்கின் எடை முடிவாகிவிடுவதால் எழும் சிக்கலாகும். தமிழ்நாட்டுப் பேக்கரிகளில் கேக்குக்கு அலகு கிலோ. அரைக் கிலோ வீட்டாருக்கு. ஒரு கிலோ அக்கம்பக்கத்தையும் சேர்த்து. இரண்டு கிலோவும் அதற்கு மேலும் மண்டபம் பிடித்துச் செய்யும் முதல் பிறந்தநாளுக்கு. ஒரு கிலோவுக்குச் சொல்லிவிட்டு வரும்போது விருந்தினர் இருபது பேர். மாலை ஆறரை மணிக்கு அதே இருபது, நாற்பது ஆகியிருக்கும். கூடியவர்களில் பெரும்பாலோர் அழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள். கேக்குக்காகவே வருபவர்கள் இவர்கள்தான் என்றாலும் இவர்களைத் தலைக்கணக்கில் சேர்க்கும் மரபு இல்லை.

ஆயிரம் கிராமை நாற்பதால் வகுத்தால் தலைக்கு 25 கிராம். மிக்சரும் சிப்ஸும் கூட வரும் தட்டில் இந்த எடை குறையாகத் தெரியாது, தொல்லை வடிவத்தில்தான். 20 செ.மீ. விட்டமுள்ள கேக்கின் சுற்றளவு ஏறத்தாழ 63 செ.மீ. நடுவிலிருந்து விசிறியாக நாற்பது துண்டு போட்டால் ஒவ்வொன்றும் வெளிவிளிம்பில் ஒன்றரை செ.மீ. சொச்சம், உள்முனையில் ஊசி. இப்படிப்பட்ட துண்டு தட்டில் நிற்காது. கிரீம் ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம் என்று படுத்துவிடும். படுத்த கேக்கை வாங்கியவர் வாய் திறந்து குறை சொல்வதில்லை. வீடு திரும்பும் வழியில் சொல்வார்.

ஆகவே விசிறி வெட்டு எட்டுப் பேர் வரைக்குமே உகந்தது. அதற்கு மேல் கட்ட வெட்டு. இரண்டரை செ.மீ. அகலத்தில் நீளவாக்கில் வரிகளாகக் கீறி, அவற்றை மூன்று செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கே நறுக்கினால் கிட்டத்தட்ட நாற்பது தேறும். மைசூர்பாகுக்கு வில்லை போட்டுப் பழகிய கைக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஓரத்து வில்லைகள் மட்டும் கோணலாக வரும். அவற்றில் இரு பக்கமும் கிரீம் இருப்பதால் பிள்ளைகளிடையே அவற்றுக்கே மதிப்பு அதிகம்.

வெட்டுக்கருவிகள் மூவகைப்படும். முதலாவது, பெட்டியோடு வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் கத்தி. இதற்குப் பல் உண்டு, கடி இல்லை. கிரீமை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்துச் செல்வதே இதன் பணி. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கத்தி, கரண்டி வகையறாக்கள் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளன. கேக் பெட்டிகளுக்கு இச்செய்தி முழுமையாகப் போய்ச் சேரவில்லை. இரண்டாவது, பட்டாக்கத்தி. நடுத்தெருவில் நண்பர் புடைசூழ இதைக் கொண்டு கேக் வெட்டி, அதை வீடியோவாகப் பதிவேற்றி, மறுநாள் காவல் நிலையத்தில் கைகட்டி நிற்கும் இளைஞர்களைப் பற்றிய செய்தி தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வரும். துண்டுகளின் சீர்மை குறித்து அச்செய்திகள் எதுவும் சொல்வதில்லை. மூன்றாவது, சமையலறைக் கத்தி. உண்மையான பங்கீடு முழுவதும் இதன் பொறுப்பு. வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடைத்தால் வெட்டுமுகம் கண்ணாடியாக வரும். மதியம் சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கிய கத்தி என்பதை மறந்தால் அது முதல் ஐந்தாறு துண்டுகளில் தெரியும்.

பிறந்தநாள் காணும் பிள்ளை போடும் முதல் வெட்டைப் பங்கீட்டில் சேர்க்க முடியாது. ஒரே கத்தியின்மேல் நான்கு கைகள் இருக்கும். "இருடா, வெட்டாதே, வீடியோ ஆன் ஆகல" என்று ஒரு குரல் வரும். கத்தி நடுவில் இறங்கி அங்கேயே நிற்கும். அந்தப் பள்ளத்திலிருந்து கிள்ளி எடுக்கப்படும் துண்டே ஊட்டலுக்குரியது. அம்மாவுக்கு முதலில் ஊட்டுவதா அப்பாவுக்கா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். தாத்தாவை விட்டுவிடக்கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. இதற்கு முன் நிகழும் மெழுகுவர்த்தி ஊதலை அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர்: ஊதிய பின் மேற்பூச்சில் பாக்டீரியா சராசரியாக 1,400 விழுக்காடு கூடியிருந்தது. நல்ல நாளில் தீபத்தை ஊதி அணைக்கலாமா என்று கேட்டுவந்த பாட்டிமார்களின் பக்கம் அறிவியல் வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

அதன் பின் கேக் சமையலறைக்குப் போகிறது; அங்கே அத்தை பொறுப்பேற்கிறார். அத்தை இல்லாத வீட்டில் சித்தி.

கேக்கை நியாயமாகப் பிரிப்பது கணிதத்தில் தனித் துறை. போலந்துக் கணித அறிஞர் ஹ்யூகோ ஸ்டைன்ஹாஸ் 1940-களில் இதைத் தொடங்கிவைத்தார். இருவர் என்றால் ஒருவர் வெட்ட, மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். வெட்டியவருக்கு மிச்சம் என்பதால் அவர் கை கோணாது. ஆள் கூடக் கூடச் சிக்கல் பெருகும். எத்தனை பேரானாலும் ஒருவர் பங்கைப் பார்த்து இன்னொருவர் பொறாமைப்படாதவாறு, வரம்புக்குட்பட்ட படிகளில் பிரிக்கும் முறையை ஹாரிஸ் அசீஸ், சைமன் மெக்கன்சி ஆகியோர் 2016-இல் கண்டனர். அவர்கள் தந்த வரம்பு, ஆட்களின் எண்ணிக்கையை ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு முறை அடுக்கிய அடுக்கெண். நாற்பதின் நாற்பதாம் அடுக்கே 65 இலக்க எண்; அது அந்த அடுக்கில் இரண்டாம் படிதான். அத்தை பத்து நிமிடத்தில் முடிக்கிறார்.

அவர் முறையிலும் வெட்டியவருக்கே கடைசிப் பங்கு. ஆனாலும் துண்டுகள் சமமாவதில்லை. ஏனெனில் எந்தத் தட்டு யாருக்கு என்பதையும் அவரே முடிவு செய்கிறார். இருவர் முறை எடுக்கும் உரிமையை மற்றவரிடம் கொடுக்கிறது, அத்தை கொடுப்பதில்லை. கிரீம் ரோஜா சம்பந்தி வீட்டுப் பிள்ளைக்கு. பெயரில் ஓர் எழுத்து முழுதாக வந்த துண்டு, பிறந்தநாள் பிள்ளையின் நெருங்கிய சிநேகிதனுக்கு. செர்ரி, அழத் தொடங்கிவிட்ட குழந்தைக்கு. (பேக்கரிச் செர்ரி பெரும்பாலும் சிவப்பேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய், குழந்தை இதைப் பொருட்படுத்துவதில்லை.) உடைந்த துண்டுகள் உறவில் மிக நெருங்கியவர்களுக்கு: அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது கணிப்பு.

பரிமாறுகையில் இரு வகையினரைத் தனியே கருத வேண்டும். "முட்டை போட்டதா?" என்று கேட்பவருக்கு ஆம் என்றதும் தட்டில் மிக்சர் இரட்டிப்பாகும். "எனக்குச் சுகர், கொஞ்சமா" என்பவருக்குப் பாதி வில்லை. அவர் பிற்பாடு இன்னொரு பாதியைத் தாமே எடுத்துக்கொள்வார் என்பதால் மொத்தக் கணக்கில் மாறுதல் இல்லை. மற்றவர்கள் "வேண்டாம்" என்றால் முதல் இரண்டு முறை அது மறுப்பாகாது.

கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர், வாட்ச்மேன், ஷிப்டுக்குப் போன மாமா ஆகியோருக்கான பங்கு வெட்டும்போதே ஒதுங்கிவிடும்.

மிச்சத்தைப் பாதுகாப்பதற்கு இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன் ஒரு வழி சொன்னார். கைரேகை ஆய்வில் பெயர் பெற்ற அவர் 1906 டிசம்பர் 20 தேதியிட்ட 'நேச்சர்' இதழில், வட்டக் கேக்கை அறிவியல்படி வெட்டுவது எப்படி என்று கடிதம் எழுதினார். ஓரத்திலிருந்து ஆப்பாக வெட்டாமல் நடுவிலிருந்து ஒரு பட்டையை எடுத்துவிட்டு, இரு பாதிகளையும் ஒட்டவைத்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் உட்பக்கம் காயாது என்பது அவர் முறை. அவர் கணக்கில் இருந்தது ஐந்து அங்குலக் கேக், மிதமான பசியுடைய இருவர். தமிழ் வீடுகளில் ரப்பர் பேண்டுக்குக் குறைவில்லை. ஒட்டவைக்கப் பாதிகள்தான் கிடைப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு அட்டையில் எஞ்சுவது ஓரத்துக் கிரீமும் இரண்டு கோணல் வில்லைகளும். அவை தோசை மாவுப் பாத்திரத்தின் மேல் மூடியாகக் கவிழ்த்த தட்டில் ஏறி ஃபிரிட்ஜுக்குள் போகும். ஒன்றை அத்தை நின்றபடியே சாப்பிடுவார். மற்றதைக் காலையில் யார் எடுத்தார் என்பதை எந்த வீட்டிலும் எவரும் ஒப்புக்கொள்வதில்லை.