மயிர் எண்ணும் வேலை

கேள்வி: மழைக்காட்டுச் சருகில் துள்ளும் ஸ்பிரிங்டெயில் என்னும் சிற்றுயிர் புது இனம்தான் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

பதில்: மயிரை எண்ணித்தான்! முதலில் அதைப் பிடிக்க, ஈரச் சருகைப் புனலில் கொட்டி, மேலே விளக்கை எரியவிடுவார்கள். சூடும் வறட்சியும் தாங்காமல் கீழிறங்குவது ஆல்கஹால் புட்டியில் விழும். 1905-இல் இத்தாலியரான அந்தோனியோ பெர்லீஸ் கண்ட புனல்தான் இதற்கு மூலம். விளக்கு பிறகு சேர்ந்தது. அப்புறம் மைக்ராஸ்கோப். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உடம்பில் எந்த மயிர் எங்கே முளைத்திருக்கிறது, நகத்தில் எத்தனை பல், தலையின் ஒரு பக்கம் எத்தனை கண் (எட்டுக்கு மேல் இராது) என்று ஒவ்வொன்றாக வரைய வேண்டும். ஜாதகக் கட்டம் தோற்றது! பெயர் பெற்ற இனங்களே 9,000-க்கு மேல். நெருங்கிய உறவுகளோடெல்லாம் ஒப்பிட்டாக வேண்டும். இந்தப் பொறுமையைக் கையெடுத்துக் கும்பிடலாம். எதிலும் பொருந்தாவிட்டால்தான் பெயர்சூட்டு விழா. அந்தப் பெயருக்குச் சாட்சியாக ஒரேயொரு உடல், மியூசியத்தில் பத்திரமாக இருக்கும்.