28 மணி நேரக்காரர்

திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில் வளர்ந்தவருக்கு மனு, ஜெராக்ஸ், டோக்கன், வரிசை எதுவும் புதிதல்ல. டோக்கியோவின் ஷினாகவா குடிவரவு அலுவலகத்தில் விசா புதுப்பிக்க அரைநாள் உட்கார வைத்தாலும் அசரமாட்டார். அவரை ஆட்டிப்படைப்பது ஒரே ஓர் எண்: 28.

ஜப்பானில் மொழிப் பள்ளி மாணவர் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் பகுதி நேர வேலை பார்க்கலாம். அதற்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி நேரம். வாரம் என்றால் ஞாயிறு முதல் சனி வரை என்று நினைத்தவர் தொலைந்தார். எந்தக் கிழமையில் தொடங்கி ஏழு நாள் எண்ணினாலும் கணக்கு தாண்டக் கூடாது; இரண்டு கடையில் வேலை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். பிளஸ் டூ கணக்கில் தட்டுத்தடுமாறிக் கரையேறியவர் இன்று ரயிலில் தொங்கியபடி புதன் முதல் செவ்வாய், வியாழன் முதல் புதன் என்று விரல்விட்டுச் சரிபார்க்கிறார். கணக்கு வாத்தியார் பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார்.

ஊரில் அம்மாவிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். பெண் வைத்திருக்கும் உறவு விசாரித்தால், "ஜப்பான்ல வேலைல இருக்கான்." கடன் கொடுத்தவர் விசாரித்தால், "படிச்சினு இருக்கான்ப்பா, இன்னும் முடிக்கல." இரண்டும் பொய்யில்லை என்பதுதான் விசேஷம்.

வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மகராசன், இப்போது இருபத்து நான்கு மணி நேரக் கடையில் கோழி பொரிக்கிறார், கழிவறை துடைக்கிறார், தேதி முடியப்போகும் பொட்டலங்களை அலமாரியின் முன்வரிசைக்கு இழுத்து வைக்கிறார். இரவு 10 மணிக்கு மேல் கூலி 25 சதவீதம் கூடுதல். ஆகவே சுறுசுறுப்பெல்லாம் ராத்திரியில்தான். காலையில் வகுப்பு. வருகைப் பதிவு குறைந்தால் விசா சிக்கலாகும், அதனால் உடம்பு தவறாமல் ஆஜராகிவிடும். உயிர் மதியத்துக்குமேல் வந்து சேரும்.

அவருடைய ஜப்பானிய மொழி முழுக்கக் கல்லாப்பெட்டியில் கற்றது. "பை வேண்டுமா? சூடு பண்ணட்டுமா? பாயிண்ட் கார்டு உண்டா?" இதைத் தூக்கத்திலும் பிழையில்லாமல் சொல்வார். அறைத் தோழனிடம் உப்பு கேட்பதும் அதே பணிவில்தான். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் மொழித் தேர்வில் பாவிகள் பையைப் பற்றிக் கேட்பதே இல்லை.

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலை உச்சியில் ஜோதி தெரியும்போது டோக்கியோவில் இரவு 9:30. அம்மா மொட்டை மாடியிலிருந்து வீடியோ காலில் மலையைக் காட்டுவார்.

"அரோகரா சொல்லு கண்ணு. இன்னாடா தலையில தொப்பி?"

"ஆபீஸ் யூனிஃபார்ம்மா."

"பின்னாடி இன்னா இவ்ளோ பால் பாக்கெட்டு?"

"கேன்டீன்மா."

மகன் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனை வைப்பார். கூடுதல் கூலி தொடங்க இன்னும் அரைமணி.

கேலி செய்துவிட்டேனே தவிர, ஆள் கெட்டிக்காரர். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை, "போய்ச் சம்பாதிச்சே ஃபீஸ் கட்டிடலாம்" என்று ஆசை காட்டி அனுப்புகிறவர்மேல்தான். 2024 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென் ஆனது. 28ஆல் பெருக்கினால் வாரத்துக்கு 32,564. இதில்தான் வாடகை, சாப்பாடு, போன். மிச்சத்தில் பள்ளிக் கட்டணமும் ஊர்க் கடனும் அடைபட வேண்டுமென்றால் 28ஐ மீற வேண்டும். மீறினால் விசா போகும்.

பிள்ளையை அனுப்ப நினைக்கிற பெற்றோர், ஏஜெண்டிடம் இந்த 28ஐப் பற்றி மட்டும் கேளுங்கள். "அதெல்லாம் அங்க போய் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சொன்னால் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.