பார்சல் பைலட் ஆகப்போற பேராண்டிக்கு

வாடா, உக்காரு. உங்கம்மா மந்தைவெளி பூரா சொல்லியாச்சு, மகன் பைலட் ஆகப்போறான்னு. சரக்கு விமானம்ங்கிறதை மட்டும் முழுங்கிட்டா. பார்சல்னா அவ்வளவு இளக்காரமா? 1932 அக்டோபர்ல டாடா கராச்சியிலேருந்து பம்பாய்க்கு ஓட்டிட்டு வந்தாரே, அதுல இருந்தது தபால் மூட்டை. அங்கேருந்து பெல்லாரி வழியா மெட்ராசுக்குக் கொண்டாந்தவன் நெவில் வின்சென்ட்டுன்னு ஒரு வெள்ளைக்காரன். டாடா கம்பெனிக்கு மூட்டைதான் மூத்த தாரம். பாசஞ்சர் பின்னால வந்தவ.

நாகேஸ்வரராவ் பார்க்குல எனக்கொரு சிநேகிதர், சரக்கு விமானம் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ராத்திரி டூட்டிப் பழக்கம், காலையில வாக்கிங் வந்தா இன்னமும் கொட்டாவிதான். அவர்கிட்ட கறந்ததைத்தான் சொல்றேன்.

வீட்டை அடமானம் வெச்சு ஃபீஸ் கட்டிட்டு, அப்புறம் டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டாதே. கிளாஸ் டூ, கிளாஸ் ஒன் மெடிக்கல் ரெண்டும் கைக்கு வந்தப்புறம் உங்கப்பனை பேங்குக்கு அனுப்பு. 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கினா வேலை தேடி வரும்னு நெனைக்காதே. லைசென்ஸை ஃபிரேம் போட்டு மாட்டிட்டு அண்ணாந்து பாத்துட்டிருக்கிற புள்ளைங்க எத்தனையோ பேரு.

மீனம்பாக்கத்துலயே ப்ளூ டார்ட் ஏவியேஷன்னு சரக்கு விமானக் கம்பெனி இருக்கு, 1996லேருந்து பறக்குது. போயிங் 757, 737ன்னு எண்ணினா பத்துகூடத் தேறாது. இண்டிகோகிட்ட நானூறுக்கு மேல. சீட்டு எத்தனை விழும்னு நீயே கணக்குப் போடு. ஒரே வாசல்ல தவம் கெடக்காம, ஆளெடுக்கிற எடத்துக்கெல்லாம் மனுப் போடு.

இன்டர்வியூவுல "பறக்கிறது சின்ன வயசுக் கனவு சார்"னு ஆரம்பிச்சுடாதே. எதிர்ல இருக்கிற கேப்டனுக்குக் கேட்டுக்கேட்டுக் காது புளிச்சிருக்கும். ராத்திரி டூட்டி ஒத்துக்குமான்னு கேப்பாரு. விடிய விடிய முழிச்சிருந்து மத்தியானம் வரைக்கும் தூங்குறதுல உன்னை அடிச்சுக்க ஆள் ஏது? ஃபீஸ் கட்டாம வந்த ஒரே தகுதி, தைரியமா சொல்லு.

சிமுலேட்டர்ல ஒரு எஞ்சினை அணைச்சுவிடுவாங்க. சினிமா ஹீரோவாட்டம் எல்லாத்தையும் நீயே புடிச்சு இழுக்காதே. விமானத்தை நேரா வெச்சுக்க, பக்கத்துல இருக்கிறவர்கிட்ட வாயைத் தொறந்து சொல்லு, செக்லிஸ்ட் கேளு. தெரியலைன்னா "தெரியாது சார்"ங்கணும். என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லை, அங்கயாவது சொல்லிப் பழகு.

சரக்குல ஒரு சௌகரியம், இட்லி ஆறிப்போச்சுன்னு பின்னாலேருந்து எந்தப் பொட்டியும் கத்தாது. ஏர் ஹோஸ்டஸும் கெடையாது; பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு அதுவே பாதி நிம்மதி. ஆனா பொட்டிக்குள்ள லித்தியம் பேட்டரி புகைஞ்சா எறங்கி ஓட முடியாதுடா. டேஞ்சரஸ் குட்ஸ் பாடத்தை மட்டும் தூங்காம படி.

மெடிக்கலுக்குத் தேதி வாங்கிட்டு வந்து என்னைப் பாரு. அதுவரைக்கும் பாண்டி பஜார் டெய்லர்கிட்ட தோள்பட்டை அளவு குடுக்காதே.