பன்னிரண்டு இலக்க ஜாதகம்

எங்கள் பெரியக்காவிடம் வயதைக் கேட்டால் ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். அதே அக்காதான் தீபாவளிக்கு முன்னால் பினாங்கு லெபோ பசாரில் சேலை எடுத்துவிட்டு, கடைக்காரர் நீட்டும் அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டில் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், ஐசி (அடையாள அட்டை) நம்பர் என்று ஒரு கட்டம் விடாமல் நிரப்பி, எல்லாரும் பார்க்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் போடுவார். முதல் பரிசு ரைஸ் குக்கர்.

மலேசிய ஐசி நம்பர் ஒரு ஜாதகம். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்; பினாங்குக்காரர்களுக்குப் பெரும்பாலும் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பிறந்த நேரம் ஒன்றுதான் பாக்கி. அதையும் சேர்த்திருந்தால் ஜோசியர் லக்னமே குறித்துவிடுவார்.

இந்த ஜாதகத்தை முகநூலில் தவணை முறையில் வெளியிடும் அப்பாக்கள் இருக்கிறார்கள். "பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்த எங்கள் செல்ல மகளுக்கு இன்று ஐந்து வயது" என்று கேக் படத்தோடு ஒரு பதிவு. ஊரே வாழ்த்துகிறது. எட்டு இலக்கம் வெளியே வந்துவிட்டது. மிச்சமுள்ள நான்குக்கு 10,000 வாய்ப்பு. பெண் குழந்தை என்று சொன்னதால் அது 5,000 ஆயிற்று. பாவம், அந்தப் பிள்ளை இன்னும் பாலர் பள்ளியே முடிக்கவில்லை.

பாதுகாப்புக் கேள்விகள் இன்னொரு தமாஷ். "உங்கள் தந்தையின் பெயர் என்ன?" என்று ரகசியமாகக் கேட்கிறார்கள். நம் ஆட்களின் ஐசியில் A/L, A/P போட்டு அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. சரி, அம்மா பெயர்? பாட்டியின் நினைவஞ்சலி விளம்பரத்தில் மகன், மருமகள், பேரன், பேத்தி என்று குடும்பமே வரிசையாக நிற்கிறது; அதைப் படமெடுத்து எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பியதும் நாம்தான். பாஸ்வேர்டு? முருகன் பெயரும் பிறந்த வருஷமும். தண்ணீர்மலை முருகனுக்கு நேர்த்திக்கடன் போதாதென்று எத்தனை வங்கிக் கணக்குகளுக்குக் காவல் வேலையும் கொடுத்திருக்கிறோமோ!

நாம் வாயை மூடிக்கொண்டாலும் பயனில்லை என்று 2017இல் தெரிந்தது. 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்திருப்பது அந்த அக்டோபரில் அம்பலமானது. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். ஆளுக்கு ஒன்றுக்கு மேல் சிம் வைத்திருக்கும் நாட்டில் கசிவும் தாராளமாகத்தான் இருக்கும். எண்களோடு பெயர், முகவரி, ஐசி நம்பர் எல்லாமே போயிருந்தன.

சட்டம் இல்லாமலில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024 திருத்தத்தில், தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக ஏறியது. ஒரு சின்ன விஷயம்: மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நம்மைப் பற்றி அதிகம் எழுதி வைத்திருப்பவர்களுக்கே விதிவிலக்கு.

இத்தனையும் சேர்த்துக்கொண்டுதான் ஒருவன் போன் செய்கிறான். "புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுகிறோம்" என்று ஆரம்பித்து, நம் பெயரையும் ஐசி நம்பரையும் தப்பில்லாமல் ஒப்பிக்கிறான். சொந்தத் தம்பிக்கே நம் பிறந்தநாள் நினைவிருக்காது, இவனுக்கு இருக்கிறது. அந்தப் பாசத்தில் மயங்கித்தான் பலர் பணத்தை மாற்றிவிடுகிறார்கள். உண்மையான போலீஸ் யாரும் போனில் பணம் மாற்றச் சொல்வதில்லை.

ஐசி நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் எந்தக் காரியத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கும் அப்படியே. பணம் கை மாறிவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு உடனே அழையுங்கள். அங்கே ஐசி நம்பர் கேட்டால் மட்டும் தாராளமாகச் சொல்லுங்கள்.