காயாத வண்ணமும் நடவாத போரும்: வரதராஜன்பேட்டையில் சிறுபடை குறித்து ஓர் ஆய்வு

இதுவரை எழுதப்பட்ட போர் வரலாறுகள் அனைத்தும் ஒரு கேள்வியைத் தொடாமலே கடந்துவிட்டன. படைவீரனின் சட்டைப் பொத்தானுக்கு வண்ணம் தீட்டுவது யார், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? இது தெரியாமல் வெற்றி, தோல்வி, உடன்படிக்கை என்று பேசிக்கொண்டிருப்பது வீண்வேலை என்பது இக்கட்டுரையின் துணிபு.

இங்கே ‘வீரன்’ எனப்படுபவன் ஈயக்கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ ரெசினிலோ வார்க்கப்பட்டவன். அவனுக்கு வண்ணம் பூசி மேசைமேல் நிறுத்தி, பழைய போர்களை அளவுகோலும் பகடையும் கொண்டு மறுபடி நடத்திப் பார்க்கும் ஆட்டம் ஒன்று உலகில் பல நாடுகளில் உண்டு. ஆடுவோரில் பெரும்பாலோர் பெரியவர்கள். சிலர் ஓய்வு பெற்றவர்கள். உயிருள்ள வீரர்களை இவ்வாய்வு கருதவில்லை. அவர்களுக்கு வேறு துறைகள் இருக்கின்றன.

ஆய்வுக்களம் அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டை. என்னை? தெற்கே ஜெயங்கொண்டமும் கங்கைகொண்ட சோழபுரமும் இருக்கின்றன. கங்கை வரை படையனுப்பிய ராஜேந்திர சோழன் அந்த வெற்றியின் பெயரால் எழுப்பிய தலைநகர் அது. உடையார்பாளையமும் அந்தத் திசையில்தான். 1765இல் ஆற்காட்டு நவாபின் படை அதைப் பிடித்தது. கிழக்கே கடலோரம் பரங்கிப்பேட்டை. மைசூரின் ஐதர் அலியும் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி அயர் கூட்டும் 1781 ஜூலை 1 அன்று மோதிய இடம். இத்தனைக்கும் நடுவே இவ்வூர் முந்திரித் தோப்பும் செம்மண்ணும் அலங்கார அன்னை ஆலயமுமாகத் தன்பாட்டில் இருந்துவருகிறது. போரை ஆராய்கிறவன் போர்க்களத்தில் உட்கார முடியாது. பக்கத்து ஊரில் உட்காருவதே முறை.

முதலில் அளவுச் சிக்கல். இன்று பரவலாக வழங்கும் வீரனின் உயரம் 28 மில்லிமீட்டர். எங்கிருந்து எங்கு வரை என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை என்பார் ஒரு சாரார். கண்மட்டம் வரை என்பார் மறுசாரார். பின்னவர் கூற்றே நம் நாட்டுக்குப் பொருந்தும். ஐதர் அலியின் வீரன் தலைப்பாகை கட்டியிருப்பான். உச்சந்தலை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று அவன் வீட்டாருக்கே தெரியாது. கண் மட்டும் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு வரதராஜன்பேட்டை போன்ற கத்தோலிக்க ஊர்கள் எப்போதோ ஒரு தீர்வு கண்டுவிட்டன: அளவைப் பொருட்படுத்தாமை. கிறிஸ்துமஸ் குடில்களைக் கவனித்தவர்கள் அறிவார்கள். ஒரு வீட்டுக் குடிலில் ஒட்டகத்தைவிட ஆடு பெரிது. இன்னொரு வீட்டில் மூன்று ராஜாக்களில் ஒருவர் மாட்டின் முழங்கால் உயரம். சூசையப்பர் ஒரு கடையில் வாங்கியவர், சம்மனசு வேறு கடை. புனித பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்னும் இத்தாலிய ஊரில் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தியதால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சிக்கல் பொம்மைக்காரர்கள் வந்த பிறகு ஏற்பட்டது.

குடிலுக்குள் போர் எப்படி வந்தது என்றும் கேட்க வேண்டும். திருவிழாக் கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கும் பச்சை நிற பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பிள்ளைகள் குடிலின் மூலையில் நிறுத்திவிடுவதுண்டு. பெரியவர்கள் எடுத்துப் போடுவார்கள். மறுநாள் அவன் வைக்கோலுக்குப் பின்னால் மறுபடி துப்பாக்கியோடு படுத்திருப்பான். இது குழந்தைத்தனம் என்று தள்ளுவது ஆய்வுநெறி ஆகாது. ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொல்ல ஆளனுப்பினான் என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறது. ஆட்கள் அனுப்பப்பட்டது உண்மையானால் அவர்கள் குடிலுக்கு எங்கோ அருகில் இருந்தாக வேண்டும். குடில் அமைத்த பெரியவர்கள் விட்டதைப் பிள்ளைகள் நிரப்பினார்கள். ஏரோதின் வீரனிடம் இயந்திரத் துப்பாக்கி ஏது என்பார்க்கு, அது காலவழு, வழுவமைதியாகக் கொள்க.

இனி வண்ணம். முதலில் பிரைமர். டப்பாவிலிருந்து சீறும் ஸ்பிரேயை ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அடித்தால் காற்றின் ஈரம் சேர்ந்து வீரன்மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். எனவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படை திரட்டலாகாது. (பழைய அரசர்களும் கூதிர்காலத்தில் பாசறையில் சும்மா இருந்ததற்கு இதுவே காரணமாகலாம். மேலும் ஆராயத் தக்கது.) அடுத்து அடிநிறம். கம்பெனிச் சிப்பாய் என்றால் சிவப்பு மேற்சட்டை. பிறகு பழுப்பு நிறத்தை நீர்க்கக் கரைத்து மேலே ஓடவிட்டால் அது மடிப்புகளில் இறங்கித் தங்கி நிழலாகும். அது காய்ந்த பின், தூரிகையைத் துணியில் துடைத்து ஏறக்குறைய உலர்ந்த நிலையில் வெளிறிய நிறத்தை மேடுகளில் மட்டும் இழுத்தால் வெளிச்சம் விழுந்ததுபோல் ஆகும். நிழலும் வெயிலும் வந்துவிட்டால் ஆள் வந்துவிட்டான். காலடிப் பலகைக்குப் பசை தடவி மண் தூவ வேண்டும். வெளிநாட்டார் இதற்கென்று மண்ணைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இவ்வூரில் செருப்பைத் தட்டினால் போதும்.

உள்ளூர்ப் பொருள் என்ற உற்சாகத்தில் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயை மேற்பூச்சாகப் பயன்படுத்த நினைப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அவ்வெண்ணெய் பெயின்ட், வார்னிஷ் தொழிலில் மூலப்பொருள் என்பது உண்மைதான். ஆனால் பச்சையாகப் பட்டால் தோல் வெந்துவிடும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கண் வரைவதில் இரண்டு பள்ளிகள் உண்டு. நம் சிற்ப மரபில் கண் கடைசி. எல்லாம் முடிந்த பின்னரே நல்ல நேரம் பார்த்துக் கண் திறப்பார்கள். சிறுவீரனுக்கு வண்ணம் தீட்டுவோரில் பலர் கண்ணை முதலில் வரைந்துவிடுகிறார்கள். தவறினால் சுற்றிலும் தோல்நிறம் பூசி மறைத்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. சிற்பி திறந்த கண்ணைத் திருத்த முடியாது. இவர்கள் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். இதனாற் சொல்லியது யாதோவெனின், தெய்வத்துக்கு ஒருமுறை, சிப்பாய்க்குப் பலமுறை என்பதாம்.

இப்போது இவ்வாய்வின் மையக் கணக்கு. பரங்கிப்பேட்டைப் போரை எடுத்துக்கொள்வோம். கூட்டின் பக்கம் ஏறத்தாழ 8,000 பேர். ஐதர் அலியின் பக்கம் எத்தனை என்பதில் எழுதியவர்கள் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். மிகக் குறைத்து 40,000 என்று வைப்போம். இருபது ஆளுக்கு ஒரு பொம்மை என்பது இவ்வாட்டத்தில் பழகிய விகிதம். அப்படியானால் 400 பேரும் 2,000 பேருமாக 2,400 பொம்மைகள். பொம்மைக்கு அரை மணி நேரம் என்றாலே 1,200 மணி. குதிரையும் பீரங்கி மாடும் கூடுதல் நேரம் கேட்கும், அதை மன்னித்துவிடுவோம். வேலைக்குப் போய்வந்து இரவில் நாளுக்கு ஒரு மணி உட்காருகிறவர் 1,200 நாள் உட்கார வேண்டும்.

அந்த 1781 ஜூலை 1 காலையிலேயே ஒருவர் தூரிகையைத் தொட்டிருந்தால், கடைசிச் சிப்பாயின் வார்னிஷ் 1784 அக்டோபரில் காய்ந்திருக்கும். அதற்குள் ஐதர் அலி 1782 டிசம்பரில் மறைந்துவிட்டார். கூட் 1783 ஏப்ரலில் சென்னையில் இறந்தார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையே கையெழுத்தாகிவிட்டது. இரு தளபதியும் இல்லை, போரும் இல்லை, படை மட்டும் தயார். வரலாற்றாசிரியர்கள் இரண்டாம் மைசூர்ப் போர் முடிந்ததற்கு நிதி நெருக்கடி, பிரெஞ்சுக்காரர் விலகல் என்று பல காரணம் கூறுவர். அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: இரு தரப்பும் பொத்தானுக்கு வண்ணம் தீட்டிவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்று விதி இருந்திருந்தால் போர் தொடங்கியே இருக்காது.

யானையைச் சேர்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். போரில் ஆயிரம் யானைகளைக் கொன்றவனுக்கே பரணி என்பது இலக்கண மரபு. யானைக்கு ஐந்துக்குப் பத்து சென்டிமீட்டர் இடம் கொடுத்தாலும் ஆயிரத்துக்கு 5 சதுர மீட்டர் வேண்டும். யானைகள் மட்டுமே ஒரு திண்ணையை அடைத்துக்கொள்ளும். கொல்ல வருகிறவனுக்கு நிற்க இடமிருக்காது. பரணிகள் குறைவாக இருப்பதற்கு இடநெருக்கடி காரணமா என்பதைத் தமிழ்த்துறையினர் பார்க்க வேண்டும்.

களப்பணியின்போது இவ்வூர் ஆயா ஒருவர், வாசலில் உட்கார்ந்து சிப்பாய்க்கு மீசை வரைந்துகொண்டிருந்தவரைப் பார்த்து எழுப்பிய ஐயம் இங்கே பதிவுசெய்யத் தக்கது. “ஏம்ப்பா, இம்புட்டு நேரம் குந்தி வர்ணம் அடிக்கிறியே, அப்பறம் இதுங்கள நீயே சாவடிக்கப் போறியா?” இதற்கு இத்துறை நூல்களில் நேரடி விடை இல்லை. எச். ஜி. வெல்ஸ் மட்டும் கிட்டத்தட்டத் தொட்டிருக்கிறார். அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’ 1913இல் வந்தது. ஸ்பிரிங் பீரங்கியில் சிறு கட்டைக் குண்டை வைத்துச் சுட்டு, விழுந்த பொம்மையை இறந்ததாகக் கொள்வது அவர் விதி. பெரிய போரைவிடச் சிறிய போர் எவ்வளவோ மேல், தளபதிகளை ஓர் அறையில் பொம்மைகளோடு அடைத்துவிடலாம் என்பது அவர் வாதம். மறு வருடம் முதல் உலகப் போர் தொடங்கியது. தளபதிகள் புத்தகம் படிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிரஷ்யாவில் நிலை நேர்மாறு. ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் அரசனுக்கு ஒரு போர்மேசை செய்து கொடுத்தார். அவர் மகன் 1824இல் அதைச் செப்பனிட்டு விதிநூலாக்க, ராணுவம் உடனே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. அவர்களுடைய காய்கள் வெறும் சிறு துண்டுகள். மீசை வரைய வேண்டியதில்லை. விளைவை ஐரோப்பா அறியும்.

நம் முன்னோர் வண்ணத்துக்கு மாற்றாகப் பூவைக் கண்டார்கள். ஆநிரை கவர வெட்சி, படையெடுக்க வஞ்சி, மதில் வளைக்க உழிஞை, நேருக்கு நேர் பொருத தும்பை, வென்றபின் வாகை. தொல்காப்பியப் புறத்திணையியலைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் அது ஆட்ட விதிநூலாகத் தெரியும்: எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது தலையைப் பார்த்தாலே விளங்கும். மறுநாள் பூ வாடிவிடும், படையும் கலையும். வண்ணமோ காய்ந்தபின் நூறு வருடம் நிற்கிறது. சிக்கனத்தில் பூவே சிறந்தது. ஆனால் 28 மில்லிமீட்டர் வீரனுக்குத் தும்பைப்பூ குடையாகிவிடுகிறது.

எஞ்சியது பகடை. மேல்நாட்டார் ஆறுமுகப் பகடை உருட்டி, ஆறு விழுந்தால் அடிபட்டான் என்பர். ஆறில் ஒன்று வாய்ப்பு. இவ்வாய்வு தாயக்கட்டையைப் பரிந்துரைக்கிறது. இரு கட்டைகளுக்கும் சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகம். சேர்ந்து விழும் வகைகள் பதினாறு. தாயம் (அதாவது ஒன்று) விழ அதில் இரண்டே வழி, எட்டில் ஒன்று வாய்ப்பு. இரண்டும் சுழியமானால் பன்னிரண்டு, அது விழ ஒரே வழி. தாயம் விழாமல் குண்டு பாயாது, பன்னிரண்டு விழாமல் பீரங்கி வெடிக்காது என்று வைத்தால் சாவு கால்பங்காவது குறையும். வர்ணம் அடித்தவர் வயிறும் எரியாது. மறு ஆட்டம் கேட்கும் உரிமையும் பழைய விதிப்படி தொடரலாம்.

ஒரு தீர்ப்பு மட்டும் பாக்கி. உருட்டியதில் ஒரு கட்டை கட்டிலுக்கு அடியில் போய், அங்கிருந்தே ‘தாயம்’ என்று ஒருவர் அறிவித்தால் அது செல்லாது. எதிராளியும் குனிந்து பார்த்திருக்க வேண்டும். இல்லையேல் இரண்டையும் எடுத்து மறுபடி போட வேண்டும்.