நாலு முறை கேட்கட்டும்!

கேள்வி: எனக்கு முழங்கால் ஆபரேஷன். நர்ஸ், மயக்க மருந்து டாக்டர், சர்ஜன் என்று ஆளாளுக்கு “பேர் என்ன, எந்தக் கால்?” என்றே கேட்கிறார்கள். கேஸ் ஷீட்டைப் படிக்கவே மாட்டார்களா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். வலது காலுக்குப் பதில் இடது காலைத் திறந்துவிட்டு, ‘ஸாரி’ சொல்லித் தைத்து அனுப்ப முடியாதே! உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைத் தந்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவரும் முன் என மூன்று நிறுத்தங்கள். எந்தப் பக்கம், அலர்ஜி உண்டா, ஆன்டிபயாடிக் நேரத்துக்குப் போட்டாச்சா, கடைசியில் பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா... டாக்டர் அதுல் கவாண்டே குழு டெல்லி உள்பட 8 நகரங்களில் இதைச் சோதித்தது. மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. புது மெஷின் எதுவும் வாங்காமல்! பிற்பாடு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது அப்படிப் பலன் தெரியவில்லை. டிக் அடிப்பது வேறு, வாய்விட்டுக் கேட்பது வேறு என்பது என் கட்சி. ஐந்தாவது ஆள் வந்தாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். சர்ஜன் மார்க்கர் பேனாவால் காலில் குறி போடாமல் மட்டும் தியேட்டருக்குள் போய்விடாதீர்கள்.